துங்கு அப்துல் ரஹ்மான்: கெடா இளவரசர் செய்த சமரசமும் தோட்டத் தமிழரின் அடையாள அட்டையும்

உங்கள் பர்ஸில் இருக்கும் நீல நிற மைகார்டை ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள். அந்த நிறத்துக்குப் பின்னால் 1955 முதல் 1957 வரை நடந்த ஒரு பெரிய பேரம் இருக்கிறது. கூலிம், சுங்கைப்பட்டாணி, பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த குடும்பங்களில், பேரன் பேத்திகள் எல்லோரும் நீல அட்டை வைத்திருக்க, தாத்தாவோ பாட்டியோ மட்டும் கடைசி வரை சிவப்பு அட்டையோடு இருந்த கதை புதிதல்ல.

ஒரே வீட்டில் ஏன் இரண்டு நிறம்? அதைப் புரிந்துகொள்ள, அந்தப் பேரத்தை நடத்திய மனிதரைப் புரிந்துகொள்ள வேண்டும். அவரும் கெடாக்காரர்தான். நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான்.

யார் இவர்?

1903 பிப்ரவரி 8-ஆம் தேதி அலோர்ஸ்டாரில் பிறந்தார். அப்பா கெடா சுல்தான் அப்துல் ஹமிட் ஹலிம் ஷா. அம்மா சிக் மெஞ்சலாரா, தாய்லாந்து வம்சாவளியைச் சேர்ந்தவர். துங்கு பிறந்த சமயத்தில் கெடா, சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தது. 1909-இல் ஆங்கிலேயரும் சயாமும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் அது பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் வந்தது. அதாவது அவர் குழந்தையாக இருக்கும்போதே, பிறந்த மண்ணின் மேலதிகாரம் ஒரு முறை கைமாறிவிட்டது.

அலோர்ஸ்டாரில் மலாய்ப் பள்ளி, பிறகு ஆங்கிலப் பள்ளி, கொஞ்ச காலம் பாங்காக், அப்புறம் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல். 1920-இல், 17 வயதில், கெடா அரசின் உபகாரச் சம்பளத்தில் இங்கிலாந்து போனார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1925-இல் பட்டம் பெற்றார். படிப்பில் பெரிய கெட்டிக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கார், கால்பந்து, குதிரைப் பந்தயம், நண்பர்கள்: இவைதான் அவருடைய இளமை. வழக்கறிஞர் தேர்வில் தோற்று, பட்டயம் இல்லாமலேயே ஊர் திரும்பினார்.

இந்தக் குறையே பிறகு அவருடைய பலமாக மாறியது எனலாம். எந்த இனத்தவரோடும் உட்கார்ந்து சாப்பிட்டு, சிரித்துப் பேசி, காரியத்தை முடிக்கும் குணம் அவருக்கு இருந்தது.

கெடாவில் என்ன வேலை பார்த்தார்?

1931-இல் கெடா அரசுப் பணியில் சேர்ந்தார். முதலில் கூலிம். ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் அது. அங்கே மெரியம் சோங் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். பிறகு கோலா நெராங்கில் பாடாங் தெராப் மாவட்ட அதிகாரி ஆனார்.

கோலா நெராங்கில் மலேரியா கடுமையாக இருந்தது. ஊரை ஒட்டிய சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டினால் கொசு குறையும் என்பது துங்குவுக்குத் தெரியும். பணம் கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். பணம் இல்லை என்று பதில் வந்தது. இரண்டாவது குழந்தை பிறந்த கொஞ்ச நாளில் மெரியம் மலேரியாவில் இறந்து போனார். அதற்குப் பிறகுதான் பணம் ஒதுக்கப்பட்டது. அந்தக் குழந்தைக்கு அஹ்மாட் நெராங் என்று ஊர்ப்பெயரையும் சேர்த்தே பெயர் வைத்திருந்தார்.

மலேரியா, தோட்டத் தமிழருக்கும் தெரிந்த எமன்தான். ரப்பர் காடு திறந்த காலத்தில் லயங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் காய்ச்சலில் செத்தார்கள். மேலிடம் தாமதித்தால் கீழே உயிர் போகும் என்பதை துங்கு சொந்த வீட்டிலேயே பார்த்துவிட்டார்.

பிறகு லங்காவி, சுங்கைப்பட்டாணி எனப் பல ஊர்களில் வேலை பார்த்துவிட்டு மறுபடி கூலிம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் இறங்கியபோது, வயதான சுல்தானை பினாங்குக்கு அனுப்ப முடிவாகியிருந்தது. மக்களை விட்டுவிட்டு அரசர் ஓடக்கூடாது என்று நினைத்த துங்கு, அப்பாவின் காரை வழியிலேயே திருப்பி, கூலிம் பக்கம் கொண்டு போய் வைத்துக்கொண்டார். கிட்டத்தட்ட ஒரு கடத்தல்தான்!

அடுத்து வந்த மூன்றரை ஆண்டுகள் எல்லோருக்கும் கஷ்டம். தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதை போட இழுத்துப் போனார்கள். பலர் திரும்பவே இல்லை. 1943-இல் ஜப்பான் கெடாவை தாய்லாந்திடம் ஒப்படைத்தது. துங்குவின் வாழ்க்கையில் பிறந்த மண் இன்னொரு முறை கைமாறியது.

அரசியலுக்கு எப்படி வந்தார்?

போர் முடிந்ததும், 40 வயதைத் தாண்டிய நிலையில், சட்டம் படிக்க மறுபடி லண்டன் போனார். அவர் அங்கே இருந்த 1947-இல்தான் கெடா தோட்டங்கள் கொதித்தன. கள்ளுக்கடைக்கு எதிராகத் தொண்டர் படை எழுந்தது. கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தங்கள் நடந்தன. பீடோங் வட்டாரத்தில் போலீசாருடன் நடந்த மோதலிலும், டப்ளின் தோட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டிலும் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 1948-இல் அவசரகாலம் வந்தது. இடதுசாரித் தொழிற்சங்கங்கள் முடக்கப்பட்டன. எல்லோருக்கும் அடையாள அட்டை என்ற வழக்கமும் அந்த ஆண்டில்தான் தொடங்கியது.

1949-இல் துங்கு ஒருவழியாக வழக்கறிஞர் பட்டயத்தோடு திரும்பினார். 1951-இல் அம்னோ தலைவர் ஓன் ஜாஃபார், கட்சிக் கதவை எல்லா இனத்துக்கும் திறக்க வேண்டும் என்றார். கட்சி ஒத்துக்கொள்ளவில்லை, அவர் வெளியேறினார். காலியான நாற்காலியில் 48 வயது துங்கு உட்கார்ந்தார்.

துங்கு எடுத்தது வேறு பாதை. ஒவ்வோர் இனமும் தன் கட்சியில் இருக்கட்டும், தலைவர்கள் மேலே உட்கார்ந்து பேசி முடிவெடுக்கட்டும் என்பதே அவர் வழி. 1952 கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் அம்னோவும் ம.சீ.ச.வும் சேர்ந்து நின்று 12 இடங்களில் 9-ஐப் பிடித்தன. 1954-இல் ம.இ.கா.வும் சேர்ந்தது. அடுத்த ஆண்டு வீ.தி. சம்பந்தன் அதன் தலைவரானார்.

1955 ஜூலையில் முதல் பொதுத்தேர்தல். மொத்த இடங்கள் 52, கூட்டணி வென்றது 51. துங்கு நின்றது கெடாவின் சுங்கை மூடா தொகுதியில்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். அந்தத் தேர்தலில் பதிவான வாக்காளர்கள் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அதில் ஏறக்குறைய 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். ஓட்டை மட்டும் பார்த்தால் மற்றவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டிய அவசியமே அம்னோவுக்கு இல்லை. ஆனாலும் ம.சீ.ச.வுக்கு 15, ம.இ.கா.வுக்கு 2 இடங்கள் கிடைத்தன. கட்சிக்குள் முணுமுணுப்பு எழுந்தும் துங்கு விட்டுக்கொடுக்கவில்லை.

பாலிங்கில் என்ன நடந்தது?

1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் உலகப் பத்திரிகையாளர்கள் எல்லாம் கெடாவின் சின்ன ஊரான பாலிங்கில் கூடினார்கள். அங்கிருந்த ஆங்கிலப் பள்ளியில் ஒரு பக்கம் துங்கு, சிங்கப்பூரின் டேவிட் மார்ஷல், ம.சீ.ச.வின் டான் செங் லோக். இன்னொரு பக்கம் காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங்கும் அவருடைய தோழர்கள் இருவரும்.

பேச்சுவார்த்தை தோற்றது. கட்சியைச் சட்டபூர்வமாக அங்கீகரிக்க வேண்டும் என்று சின் பெங் கேட்டார். துங்கு சம்மதிக்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் துங்குவுக்குச் சாதகமாக அமைந்தது. உள்நாட்டுப் பாதுகாப்பு அதிகாரத்தை துங்கு ஆங்கிலேயரிடமிருந்து வாங்கிவிட்டால் ஆயுதத்தைக் கீழே வைக்கத் தயார் என்று சின் பெங் சொல்லிவிட்டார். ஜனவரியில் லண்டன் போன துங்குவின் கையில் அது நல்ல துருப்புச் சீட்டு. 1956 பிப்ரவரி 8-ஆம் தேதி, அவருடைய 53-ஆவது பிறந்தநாளில், சுதந்திர ஒப்பந்தம் கையெழுத்தானது. 1957 ஆகஸ்ட் 31-இல் மெர்டேக்கா அரங்கில் அவர் ஏழு முறை மெர்டேக்கா முழக்கம் எழுப்பியதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம்.

சரி, பேரம் என்ன?

சுருக்கமாகச் சொன்னால் இதுதான். மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையும், மலாய் மொழியின் இடமும், சுல்தான்களின் நிலையும் அரசியல் சட்டத்தில் உறுதியாகும். பதிலுக்கு, குடியுரிமைக் கதவு மற்ற இனத்தவருக்கு முன்பைவிட அகலமாகத் திறக்கும்.

எவ்வளவு அகலம்? மெர்டேக்கா நாளிலும் அதற்குப் பிறகும் இங்கே பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை தானாகக் கிடைக்கும் என்று 1957 சட்டம் சொன்னது. (1962-இல் இது திருத்தப்பட்டது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது.)

பெரியவர்களுக்கு அப்படித் தானாகக் கிடைக்கவில்லை, விண்ணப்பிக்க வேண்டும். முன்பே இங்கே பிறந்தவர் என்றால் கடைசி 7 ஆண்டில் 5 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர் என்றால் 12 ஆண்டில் 8 ஆண்டுகள். நன்னடத்தை வேண்டும், அடிப்படை மலாய் தெரிந்திருக்க வேண்டும். முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்களில் பலருக்கு மலாய்த் தேர்விலிருந்து விலக்கும் உண்டு.

காகிதத்தில் பார்த்தால் தாராளமான ஏற்பாடுதான். இந்திய வம்சாவளியினர் அன்று மலாயா மக்கள்தொகையில் சுமார் 11 விழுக்காடு. ஓட்டுக் கணக்கை மட்டும் பார்க்கிற தலைவராக இருந்திருந்தால் இவ்வளவுகூடக் கிடைத்திருக்காது.

அப்போ ஏன் பலர் விடுபட்டார்கள்?

சட்டம் கோலாலம்பூரில் எழுதப்பட்டது. அதைப் பயன்படுத்த வேண்டியவர் இருந்தது லயத்தில்.

விடியற்காலை பிரட்டுக்கு நிற்கணும், பிறகு பால் வெட்டணும், வாளி தூக்கணும். பதிவு அலுவலகம் டவுனில் இருக்கிறது. ஒரு நாள் போனால் அந்த நாள் சம்பளம் போச்சு. பலருக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை. இன்னும் சிலருக்கு, கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு ஊருக்கே திரும்பிவிடலாம் என்ற எண்ணம். ஐ.சி. கையில் இருக்கிறதே, வேலை இருக்கிறதே, அப்புறம் என்ன என்று நினைத்தவர்களும் உண்டு. எடுத்துச் சொல்ல வேண்டிய வலுவான தொழிற்சங்கங்களில் பல, 1948-இலேயே உடைக்கப்பட்டிருந்தன. அவசரமாக விண்ணப்பிக்க வேண்டிய அந்த முதல் ஆண்டு பலருக்குத் தெரியாமலேயே கடந்து போனது.

துங்குவின் ஆட்சிமுறையில் இருந்த ஓட்டை இங்கேதான் தெரிகிறது. தலைவரும் தலைவரும் பேசிக்கொள்வார்கள், கீழே இருப்பவருக்குத் தகவல் தானாகப் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையில் அது நின்றது. தோட்டத்தைப் பொறுத்தவரை அந்தத் தகவல் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

அமெரிக்க அதிபர் வந்தபோது

1966 அக்டோபர் 30-இல் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் மலேசியா வந்தார். பதவியில் இருக்கும் அமெரிக்க அதிபர் ஒருவர் இங்கே வந்தது அதுவே முதல் முறை. அடுத்து ஓர் அதிபர் வர 2014 வரை, ஒபாமா வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜான்சனையும் துங்குவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. ஜான்சனும் பேசிப் பேசியே காரியம் சாதித்தவர். கறுப்பின மக்களின் ஓட்டுரிமை அமெரிக்க அரசியல் சட்டத்தில் 1870-இலேயே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் தென் மாநிலங்களில் பதிவு கவுண்ட்டருக்குப் போனால் எழுத்தறிவுத் தேர்வு என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். 1965-இல் ஜான்சன் கொண்டுவந்த ஓட்டுரிமைச் சட்டம் அத்தகைய தேர்வுகளை நிறுத்தியது. தேவைப்பட்ட இடங்களுக்கு மத்திய அரசே ஆட்களை அனுப்பிப் பதிவு செய்தது.

இரண்டு நாட்டுப் பிரச்சினையும் ஒன்றல்ல. அங்கே வேண்டுமென்றே தடுத்தார்கள், இங்கே பெரும்பாலும் யாரும் தேடிப் போகவில்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். உரிமையைச் சட்டத்தில் எழுதினால் மட்டும் போதாது, கவுண்ட்டர் வரை ஆள் வர வழி செய்யணும். தோட்டத்துக்குள் வண்டியோடு போய்ப் பதிவு செய்யும் முழுவீச்சான இயக்கம் ஒன்றை அந்த முதல் ஆண்டில் அரசு நடத்தவில்லை.

ஜான்சனுக்கு துங்கு அரசு பெருமையோடு காட்டியது நெகிரி செம்பிலானில் உள்ள ஒரு ஃபெல்டா குடியேற்றம். பிறகு அதற்கு ஜான்சன் பெயரே சூட்டப்பட்டது. நிலமில்லாத கிராமத்தவருக்கு நிலம் தருவதற்காக 1956-இல் தொடங்கியது ஃபெல்டா. அதில் நிலம் பெற்றவர்களில் மிகப் பெரும்பான்மையோர் மலாய்க்காரர்கள். தோட்டத் தமிழருக்கு அந்தக் கதவு பெரிதாகத் திறக்கவில்லை.

அதே காலத்தில் ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தார்கள். தோட்டம் விற்கப்பட்டால் வேலை மட்டுமல்ல, வீடும் போகும். இதற்குப் பதிலாகத்தான் 1960-இல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் அது வாங்கிய முதல் தோட்டம், நம்ம கெடாவில் உள்ள புக்கிட் சிடிம்.

1969: எல்லாம் மாறிய ஆண்டு

இடையில் துங்கு பல சோதனைகளைத் தாண்டினார். 1963-இல் மலேசியா உருவானது. இந்தோனேசியாவுடன் மோதல் வந்தது. 1965-இல் சிங்கப்பூர் பிரிந்தது. 1967-இல் தேசிய மொழிச் சட்டத்தில் அவர் ஆங்கிலத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டதற்காக மலாய் தேசியவாதிகள் கோபப்பட்டார்கள். மறுபக்கம், பொருளாதாரத்தில் பின்தங்கிய மலாய் இளைஞர்கள், இந்தப் பேரத்தால் தங்களுக்கு என்ன லாபம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது.

1969 மே 10 தேர்தலில் கூட்டணிக்குப் பின்னடைவு. மே 13-இல் கோலாலம்பூரில் கலவரம். அதிகாரபூர்வக் கணக்குப்படி 196 பேர் இறந்தார்கள். நாடாளுமன்றம் முடக்கப்பட்டது. உண்மையான அதிகாரம் துணைப் பிரதமர் துன் ரசாக் தலைமையிலான தேசிய நடவடிக்கை மன்றத்துக்குப் போனது. அலோர்ஸ்டாரைச் சேர்ந்த இளம் அரசியல்வாதி மகாதீர், பிரதமர் பதவி விலக வேண்டும் என்று கடிதம் எழுதி, அதனால் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்.

தோட்டத்தில் அடி வேறு விதமாக விழுந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் 1968-இல், துங்குவின் ஆட்சியிலேயே, நிறைவேறியிருந்தது. 1969-இல் அது அமலானபோது சிவப்பு அட்டைக்காரர்கள் நடுங்கிப் போனார்கள். இருபது முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர்கள் பலர் வேலை இழந்தார்கள். பல்லாயிரம் பேர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். சில குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. பத்து ஆண்டுகளுக்கு முன்பு டவுனுக்குப் போய் ஒரு விண்ணப்பம் போடாததன் விலை இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அப்போது யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இது துங்கு வேண்டுமென்றே செய்த துரோகம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்கவும் முடியாது. குடியுரிமைக் கதவைத் திறந்ததும் அவருடைய அரசு. உள்ளே வராதவர்களின் வேலைக்கு ஆபத்தான சட்டத்தை நிறைவேற்றியதும் அவருடைய அரசு.

பதவியை எப்படி விட்டார்?

ஜான்சன் 1968 மார்ச்சில், வியட்நாம் போரின் சுமையில், மறுபடி போட்டியிட மாட்டேன் என்று அறிவித்தார். துங்கு 1970 செப்டம்பர் 22-இல், 67 வயதில், விலகினார். அண்ணன் மகனான கெடா சுல்தான் அப்துல் ஹலிம் மாமன்னரானதால், மருமகனுக்குக் கீழே பிரதமராக இருப்பது சரியல்ல என்பது சொல்லப்பட்ட காரணம். 1969-க்குப் பிறகு அவர் கையில் அதிகாரம் பெரிதாக இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். எப்படியிருந்தாலும், நாற்காலியைக் கட்டிப்பிடித்துச் சண்டை போடாமல் ரசாக்கிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு இஸ்லாமிய நாடுகள் கூட்டமைப்பின் முதல் தலைமைச் செயலாளராக இருந்தார். 1970-களின் நடுவிலிருந்து ஸ்டார் நாளிதழில் பத்தி எழுதினார். 1987-இல் ஓப்பராசி லாலாங் நடவடிக்கையில் பலர் கைதாகி, ஸ்டார் தடைசெய்யப்பட்டபோது அவருடைய பத்தியும் நின்றது. அடுத்த ஆண்டு மீண்டும் வெளிவந்த நாளிதழில் அவருக்கு இடமில்லை. 1988-இல் நீதித்துறை நெருக்கடி வந்தபோதும் 80 வயதைத் தாண்டிய அந்தக் கிழவர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. தான் கட்டிய கட்சியின் ஆட்சியையே வெளிப்படையாக விமர்சித்தார். 1990 டிசம்பர் 6-இல் 87 வயதில் காலமானார். அலோர்ஸ்டாரை அடுத்த லங்கார் அரச கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

இன்று நமக்கு இது ஏன் முக்கியம்?

துங்குவைப் பள்ளிப் புத்தகத்தில் கையை உயர்த்தி மெர்டேக்கா சொல்லும் படமாக மட்டுமே பார்த்து வளர்ந்தோம். அந்தக் கை உயர்வதற்கு முன்னால் பல அறைகளில் பேச்சு நடந்தது. ஓட்டுப் பலம் இல்லாத சிறுபான்மைக்கும் மேசையில் நாற்காலி போட்டார் என்பதால்தான் நம்மில் பலர் பிறந்த அன்றே குடிமக்கள் ஆனோம். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பேசியது லயம் வரை முழுதாகப் போய்ச் சேரவில்லை என்பதால்தான் சிலர் கடைசி வரை வெளியாட்களாக இருந்தார்கள்.

குடியுரிமைப் பத்திரம் இல்லாதவர்களின் பிரச்சினை இன்னும் முழுசாக முடியவில்லை. உங்கள் குடும்பத்திலோ பழைய தோட்டத்து அக்கம்பக்கத்திலோ பிறப்புப் பத்திரம் இல்லாத, சிவப்பு அட்டையோடு இருக்கிற பெரியவர் யாராவது இருந்தால், பழைய தோட்டப் பதிவு, பள்ளிச் சான்றிதழ், திருமணப் பத்திரம் என்று கிடைப்பதை எல்லாம் சேர்த்துக்கொண்டு, தேசியப் பதிவுத் துறை அலுவலகத்துக்கு நீங்களே கூட்டிப் போங்கள். 1957-இல் அவர்களைக் கூட்டிப் போக ஆள் இல்லை.